இரட்டை என்று நான் தள்ளிய கட்டுரை

அக்கா தலைப்பைப் படிப்பதே இல்லை என்று நான் கவனித்த மத்தியானம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

அவர் மடியில் ஒரு கட்டு, மேசையில் ஒரு கட்டு. இரண்டும் ஓரங்களில் ஓட்டை வரிசை போட்ட நீள நீளமான கம்ப்யூட்டர் தாள்கள். மேசைக் கட்டின் மேல் ஒரு அடி ஸ்கேலை வைத்து வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே வருவார். திடீரென்று ஸ்கேல் நிற்கும். மடியிலிருக்கும் கட்டில் நாலு தாள் புரட்டுவார். ஒரு வரியைப் பென்சிலால் அடிப்பார். "இது அதுதான்." மறுபடி ஸ்கேல் இறங்கும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் அரைமணி நேரம் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைப்பு இருக்கும் இடது பக்கம் அது போகவே இல்லை. வலது ஓரத்திலேயே நின்றது. வருஷம், தொகுதி எண், ஆரம்பப் பக்கம்.

"தலைப்பைப் பாக்காம எப்படிக்கா அடிக்கிறீங்க?"

"தலைப்பு பொய் சொல்லும்ட்டி. ஒருத்தன் முழுசாப் போடுவான், ஒருத்தன் பாதியில வெட்டுவான், ஒருத்தன் தப்பாவே அடிச்சு வைப்பான். பக்க நம்பரு எங்க போவும்?"

மூன்றே எண்கள். மனுஷி ஒருத்தி மூன்று வாரம் குனிந்து செய்வதை மூன்று எண்களை வைத்துக்கொண்டு இயந்திரம் செய்துவிடாதா? எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தெற்கு டெல்லியில் ஒரு சுகாதார ஆராய்ச்சி அலுவலகம். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதைப் பற்றி அதுவரை உலகத்தில் வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, படித்து, கூட்டிக் கழித்து, எப்படிக் கொடுத்தால் பலன் என்று ஒரே விடை சொல்லவேண்டும்; அதைத்தான் ரிவ்யூ என்போம். கட்டுரைகளின் விவரங்கள் நாலைந்து இடத்திலிருந்து வரும். நூலகத்து சிடியிலிருந்து கொஞ்சம், வெளிநாட்டு மருத்துவப் பட்டியலிலிருந்து கொஞ்சம், நம் ஊர்ச் சஞ்சிகைகளைப் பார்த்து நாங்களே தட்டச்சு செய்தது கொஞ்சம். ஒரே கட்டுரை மூன்று வேஷத்தில் மூன்று இடத்திலிருந்தும் வந்து நிற்கும். அதைக் கண்டுபிடித்து இரண்டைத் தள்ளவேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆய்வை மூன்று தரம் எண்ணிவிடுவோம், விடை சாய்ந்துவிடும். ஆயிரக்கணக்கான வரிகளில் இந்த இரட்டைகளைத் தேடி அடிப்பதுதான் அக்காவின் வேலை.

அக்கா என்று நான் கூப்பிட்டேனே தவிர, உறவு கிடையாது; வயதில் பன்னிரண்டு வருஷம் மூத்தவர். திருநெல்வேலிப் பக்கம். சத்துணவுப் படிப்பில் எம்.எஸ்சி. கணவர் விமான நிலையத்தில் வேலை; துவாரகாவில் சொசைட்டி ஃப்ளாட். எட்டு வருஷமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருந்தார். நான் எம்.சி.ஏ. முடித்து அப்போதுதான் சேர்ந்தவள். கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவள். என் தமிழைக் கேட்டால் அக்காவுக்குச் சிரிப்பு. "நீ பேசுதது தமிழும் இல்ல, இந்தியும் இல்ல. ரெண்டையும் ஒரு டப்பாவுல போட்டுக் குலுக்குன மாதிரி இருக்கு."

அந்த ஆய்வுக் கட்டில் அக்காவின் கட்டுரையும் ஒன்று இருந்தது. ஒரே ஒன்று. முதல் பெயராக அவர் பெயர் அச்சான ஒரே கட்டுரை. ஜங்புராவில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரமாகத் தமிழர்கள் குடிசை போட்டிருக்கும் மதராசி கேம்ப்பில் இரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்ச் செய்த வேலை. தண்ணீர் லாரி வரும் நேரம் பார்த்துப் போனால்தான் பெண்கள் கிடைப்பார்கள். குடத்தோடு வரிசையில் நிற்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வாராம். இந்தியில் கேட்டவர்களிடம் "தினமும் சாப்பிடறோம்ஜி" என்று சொன்ன அதே பெண்கள், அக்கா தமிழில் கேட்டபோது, மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டு வைத்திருப்பதை எடுத்துக் காட்டினார்களாம். கையில் கொடுத்துவிட்டு வருவதும், எதிரில் நின்று விழுங்க வைப்பதும் வேறு வேறு என்று அந்தக் கட்டுரை சொன்னது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நிரந்தரப் பதவி வரப்போவதாகப் பேச்சு. எங்கள் தலைவரை எல்லோரும் டாக்டர் சாப் என்போம். அவர் அக்காவிடம் சொல்லியிருந்தார்: "உங்கள் ஆய்வு ரிவ்யூவில் வரட்டும். அதைச் சொல்லியே நான் குறிப்பு எழுதுகிறேன்." தன் கட்டுரையும் இருந்ததால்தான் அக்கா அந்தக் கட்டில் ஸ்கேல் பிடித்துக்கொண்டிருந்தாரே தவிர, கட்டுரைகளைப் படித்து எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று முடிவு செய்யும் வேலைக்கு வரவில்லை. சொந்தக் கட்டுரை கட்டில் இருப்பவர் அந்த வேலையைச் செய்யக்கூடாது என்பது விதி. அதை நானும் ஒரு இளம் டாக்டரும் செய்தோம். அக்கா நேர்மையானவர், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். வாசலில் எதிர்ப்பட்டால்கூட "படிச்சாச்சா" என்று கேட்டதில்லை.

நாலு நாளில் ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு ப்ரோக்ராம் எழுதிவிட்டேன். வருஷம், தொகுதி, ஆரம்பப் பக்கம் மூன்றும் ஒத்துப்போனால் சந்தேகம். கூடவே தலைப்பின் முதல் நாற்பது எழுத்தும் முதல் ஆசிரியர் பெயரும் ஒத்துப்போனால் இரட்டை. முதலாவதை வைத்துக்கொள், மற்றதைத் தள்ளு. ஓட்டிவிட்டு டீக்கு எழுந்து போனோம். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டிருந்தது. டாக்டர் சாப் திரையைப் பார்த்துவிட்டு என் தலையில் தட்டினார். "வாஹ் பேட்டா! மூன்று வாரம் மிச்சம்."

அக்காவும் வந்து பார்த்தார். "நல்லாருக்கு. என் கண்ணு தப்பிச்சிச்சு" என்றார். அது என்னுடைய யோசனை என்று டாக்டர் சாப் எல்லோரிடமும் சொன்னபோது நான் திருத்தவில்லை. அக்காவும் திருத்தவில்லை. வலது ஓரம் யாருடைய கண்ணிலிருந்து வந்தது என்று எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும்.

ஆனால் அந்த முதல் ஓட்டத்தில் நிறைய இரட்டைகள் தப்பியிருந்தன. எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நம் ஆட்களின் கட்டுரைகள். காரணம் எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. தமிழ் வீட்டில் பிறந்து டெல்லியில் வளர்ந்த யாருக்கும் தெரிந்திருக்கும்.

டெல்லியில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது? இருப்பது ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. குமாஸ்தா விடமாட்டான். "பூரா நாம் லிகோ", முழுப் பெயரை எழுது என்பான். அப்பா தன் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதுவார். அன்றிலிருந்து நான் அப்பா பெயரில் நடமாட வேண்டியதுதான். கல்லூரியில் வருகைப் பதிவெடுக்கும் சார் "மிஸ்" என்று சொல்லி அப்பாவின் பெயரைக் கூப்பிடுவார். வகுப்பே திரும்பும். அப்பா எழுந்து நிற்பது போல நான் எழுந்து நிற்பேன். மூன்று வருஷம். அந்த எழுத்தின் மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

பட்டியல்களிலும் அதே கூத்துதான். ஒரு பெண் ஒரு பட்டியலில் அப்பாவின் எழுத்தோடு இருக்கிறாள். இன்னொன்றில் அந்த எழுத்தை விரித்து அப்பாவையே குடும்பப் பெயராக்கி முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். கல்யாணமாகிவிட்டால் அப்பா எழுத்து போய்ப் புருஷன் எழுத்து வந்துவிடுகிறது. ஆள் ஒன்று, இயந்திரத்துக்கு மூன்று பேர்.

ஒரு வரி எழுதினேன். ஒரு பெயரும் ஒற்றை எழுத்தும் மட்டும் இருந்தால் அந்த எழுத்தை எடுத்துவிடு. பெயரை மட்டும் ஒப்பிடு. அதை எழுதி முடித்தபோது இருந்த திருப்தி இருக்கிறதே, சொல்லி மாளாது. கல்லூரி சாருக்கும் படிவக் குமாஸ்தாவுக்கும் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டேன் போல. நேரே அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, அப்பாவையும் புருஷனையும் தூக்கி வெளில போட்டாச்சு!"

அவர் கையிலிருந்த பென்சிலை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு. "எங்க வீட்டுக்கும் ஒரு நாள் வந்து அந்த ஒரு வரிய எழுதிட்டுப் போ." அப்புறம், சிரிப்பு அடங்கும் முன்பே, "ஆனா அது தள்ளுனதையெல்லாம் ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு. ஒரு தரம் ஸ்கேல் வச்சுப் பாத்துத் தாரேன்."

"அதையும் கையால பாக்கறதுன்னா ப்ரோக்ராம் எதுக்குக்கா?"

"கோவப்படாத. கேட்டேன், அவ்வளவுதான்."

"அவ்வளவு தாளுக்கு டாக்டர் சாப் கத்துவார்."

டாக்டர் சாப் கத்தியிருக்க மாட்டார். நான் கேட்கவே இல்லை. எனக்குத்தான் என் இயந்திரத்தின் மேல் இன்னொருத்தி ஸ்கேல் வைப்பது பிடிக்கவில்லை. அந்த வாரத்திலேயே அக்காவைப் பின் அறைக்கு மாற்றினார்கள். இரட்டை தேட ஆள் வேண்டாமே. வேறொரு திட்டத்தின் படிவங்களில் பதில்களுக்கு எண் போடும் வேலை. ஜன்னல் இல்லாத அறை; கூலர் சத்தத்தில் பேச்சு கேட்காது. போகும்போது ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கோடைக்குள் ரிவ்யூ அச்சாகி வந்துவிட்டது. இரட்டைகள் கணினி மூலம் நீக்கப்பட்டன என்று அதில் ஒரு வாக்கியம் உண்டு. அது என் வாக்கியம். என் பெயர் ஆசிரியர் வரிசையில் கடைசிக்கு முந்தி இருந்தது, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக முன்னால் தூக்கி நிறுத்திக்கொண்டு. லட்டு வாங்கி வந்தார்கள். அப்பா அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஆபீஸுக்குக் கொண்டுபோனார்.

அக்கா பின் அறையிலிருந்து வந்து ஒரு பிரதியை எடுத்தார். கடைசிப் பக்கத்துக்குப் போனார், சேர்த்த கட்டுரைகளின் பட்டியலுக்கு. விரல் வரிசையில் இறங்கிற்று. மறுபடி மேலிருந்து இறங்கிற்று. பிரதியை மூடி வைத்துவிட்டு ஒரு லட்டை எடுத்துக்கொண்டு, "நல்லா வந்திருக்குட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கட்டுரை அதில் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கக்கூட இல்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் படித்த கட்டில் அது வந்ததாக ஞாபகமில்லை; இளம் டாக்டரிடம் போயிருக்கும், அவர் ஏதோ காரணத்துக்குத் தள்ளியிருப்பார் என்று பிறகு ஒரு நாள் நினைத்தேன். நினைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பதவிக்கு நேர்காணல் நடந்தது. வேறொருவருக்குக் கிடைத்தது. அக்கா மறுநாள் வழக்கம்போல வந்தார்.

அதற்கும் பிறகுதான் எனக்கு ஒரு ஈமெயில் வந்தது. வேறு ஊர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து என் ப்ரோக்ராமைக் கேட்டிருந்தார்கள். கால் தரையில் நிற்கவில்லை. அனுப்பும்போது கூடவே நாலு அழகான உதாரணமும் அனுப்பலாம், என் முதலெழுத்து வரி என்னென்ன பிடித்தது என்று காட்டலாம் என்று, தள்ளிய பட்டியலை முதல் தடவையாகத் திறந்தேன். பீற்றிக்கொள்வதற்காகத் திறந்தேன்.

மூன்றாவது ஜோடி அக்கா.

ஒரு சஞ்சிகையின் சிறப்பிதழ். பக்கத்துக்கு இரண்டு கட்டுரை வீதம் சுருக்கி அச்சடித்திருந்தார்கள். மேலே ஒன்று: கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை, தமிழ்நாட்டுக் கிராமங்களில். கீழே ஒன்று: கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை, டெல்லிக் குடிசைப் பகுதியில். முதல் நாற்பது எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. வருஷம் ஒன்று, தொகுதி ஒன்று, பக்கம் ஒன்று. மேலே எழுதியவளுக்கும் கீழே எழுதியவளுக்கும் பெயர் ஒன்று. அந்தப் பெயரைச் சொல்லப்போவதில்லை. தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர்தான். முதலெழுத்து மட்டும் வேறு. அதைத்தான் நான் வெற்றியோடு வெளியே போட்டிருந்தேனே. மேலே இருந்ததை வைத்துக்கொண்டு கீழே இருந்ததை என் இயந்திரம் தள்ளிவிட்டது. யாரும் அக்காவின் கட்டுரையைப் படித்து வேண்டாமென்று சொல்லவில்லை. யாரும் படிக்கவே இல்லை.

டாக்டர் சாப்பிடம் போனேன். அவர் இரண்டு வரிகளையும் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார், அதை மறுக்கமாட்டேன். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த ஒன்றைச் சேர்த்தால் விடை மாறுகிறதா?"

சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். "இல்லை சார்."

"போதும். அப்புறம் என்ன? அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்."

"அடுத்த பதிப்பு எப்ப சார்?"

"பார்க்கலாம்."

"அக்காவோட பதவி..."

"அது முடிந்த விஷயம் பேட்டா. இப்போது நீ போய்ச் சொன்னால் அவளுக்கும் வருத்தம், நமக்கும் கெட்ட பெயர். உன் ஒப்பந்தம் அடுத்த மாதம் நீட்டிப்புக்கு வருகிறது, இல்லையா?" மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கசக்கிறது. விடை மாறவில்லை என்பதும் கசக்கிறது. இரண்டு வருஷம் தண்ணீர் லாரி பின்னால் நடந்த ஒருத்தியை எடுத்துவிட்டால் உலகக் கணக்கில் ஒரு புள்ளியும் அசையவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவின் சார்ட்டர்ட் பஸ்ஸில் ஏறிவிட்டேன். துவாரகா பஸ். என் வீடு வேறு திசை. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்ததும் ஒரு அங்கிள் வந்து நின்றார். "மேடம், யே சீட் ஃபிக்ஸ் ஹை." தினமும் போகிறவர்களுக்கு இடம் நிரந்தரம். பின்னால் நாலு பேர் பிரீஃப்கேஸை மடியில் போட்டுச் சீட்டாட்டம் ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா நகர்ந்து தன் சீட்டில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

"என்னட்டி, வீடு மாத்திட்டியா?"

சொன்னேன். நின்று நின்று, இந்தியும் தமிழுமாக, பக்கத்திலிருந்து ஆரம்பித்து முதலெழுத்தில் முடித்தேன். பஸ் விமான நிலையச் சாலையில் திரும்பிற்று. அவர் மடியில் இருந்த டப்பாப் பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப யாரும் படிக்கலையா?"

"இல்லக்கா."

"நெசமாவா?"

"நெசமாதான். படிச்சிருந்தா சேந்திருக்கும்."

"ரெண்டு மாசமா என் நோட்டையெல்லாம் இறக்கி வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "பரண்ல இருந்து. எங்க வீட்டுல கத்துதாரு, வீடு பூரா தூசின்னு. எங்க தப்புப் பண்ணுனேன்னு பாத்தேன். படிச்ச பிள்ளைங்க ரெண்டு பேரு பாத்துத் தள்ளியிருக்கியளே, ஏதோ இருக்கும்லா?"

பையின் வாரை மறுபடி முழுக்கச் சுருட்டினார்.

"கண்டுபிடிச்சேன், கேட்டியா. நாலா பக்கத்துச் சந்துல ஒரு அஞ்சாறு வீடு. மழை. ரெண்டாவது தரம் ரத்தம் எடுக்கப் போவ நாளாயிட்டு. இதுதான்னு நானே முடிவு பண்ணிட்டேன். இன்டர்வியூல ஒரு அம்மா கேட்டாங்க, உங்க ஆபீஸ் ரிவ்யூவுலயே உங்க ஸ்டடி இல்லியே, என்ன காரணம்னு. நான் இதச் சொன்னேன். என் வேலையில குறை இருக்குன்னு என் வாயாலயே சொல்லிட்டு வந்தேன்." பையை மடியில் நேராக வைத்தார். "நல்லாத்தான் செஞ்சிருந்தேன் போல."

பின்னால் யாரோ ஜெயித்து ஓவென்று கத்தினார்கள்.

"அக்கா, நான் அந்த எழுத்து அப்பாவோடதுதானேன்னு..."

"எங்கப்பாதான். இல்லங்கல. அவரு பேரச் சொல்லிக்கிட்டுத் திரியணும்னு எனக்கும் ஆசையில்ல. ஆனா அதே பேருல இன்னொருத்தி இருந்தா, வேற எத வச்சுட்டி என்னத் தெரியும்?" குரல் உயரவில்லை. "பிரிண்ட் கேட்டேன்லா?"

"கேட்டீங்க."

"ஒரு மத்தியானம் ஆயிருக்கும் எனக்கு. பக்கம் ஒண்ணா இருக்கேன்னு அடிச்சிருக்க மாட்டேன். சிறப்பிதழ்னா நான் புத்தகத்தையே எடுத்துப் பாப்பேன். அது ஒனக்குத் தெரியாது. நீ அரைமணி நேரம்தான பாத்த."

உண்மைதான். அரைமணி நேரம்தான் பார்த்தேன். அதிலேயே எல்லாம் புரிந்துவிட்டதென்று எழுந்துபோய்விட்டேன். எனக்கு எதையும் முழுசாகப் பார்க்கப் பொறுமை கிடையாது என்று பள்ளியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதையும் நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் பஸ் மெதுவாகப் போயிற்று. "இங்கயே இறங்கிக்கோ" என்றார். "உள்ள வந்துட்டா ஒனக்குத் திரும்ப பஸ் கிடையாது." மன்னித்தாரா, எழுந்து போ என்றாரா, எனக்குத் தெரியவில்லை. இறங்கினேன். ஜன்னலில் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. அக்கா பேசுகிறார், கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஏட்டி, என்னட்டி எல்லாம் போய்விட்டது. நேற்று "நீங்க" என்றார்.

ஈமெயில் அனுப்பியவர்களுக்கு ப்ரோக்ராம் இப்போதைக்குத் தரமுடியாது என்று எழுதிவிட்டேன். அதை முதலிலிருந்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் அது எதையும் தானாகத் தள்ளாது. சந்தேகப்படும் இரண்டையும் முதலெழுத்தோடு பக்கத்தில் பக்கத்தில் காட்டி நிற்கும். ஒரு ஆள் பார்த்துச் சொன்னால்தான் நகரும். டாக்டர் சாப் கேட்டால், இது முன்னேற்றமா பின்னேற்றமா என்பார். மெதுவாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

தள்ளிய பட்டியல் முழுவதையும் அச்செடுத்துவிட்டேன். பெரிய கட்டு. கோல் மார்க்கெட்டில் ஒரு அடி ஸ்கேல் வாங்கினேன். தினமும் மத்தியானம் ஒரு பத்துத் தாள். சிறப்பிதழ் என்றால் சனிக்கிழமை நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தையே எடுத்துப் பார்க்கிறேன். கால்வாசி முடிந்திருக்கிறது. இன்னொரு தவறு அகப்பட்டிருக்கிறது. கேரளத்துக்காரர் ஒருவர், எனக்கு முன்பின் தெரியாதவர். அவருக்கும் எங்கேயாவது ஒரு நேர்காணல் இருந்திருக்கலாம்.

இரண்டு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று சஞ்சிகை ஆசிரியருக்கு: எங்கள் ரிவ்யூவில் இரண்டு கட்டுரைகள் தவறாக நீக்கப்பட்டன, நீக்கிய வரியை எழுதியது நான். இன்னொன்று நேர்காணல் குழுவுக்கு: அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில் சரியானதல்ல, ஏனென்றால் அந்த ஆய்வை யாரும் படித்தே பார்க்கவில்லை. டாக்டர் சாப் கையெழுத்துப் போடமாட்டார். நான் மட்டும் போடுகிறேன். ஒப்பந்தம் அடுத்த வாரம் வருகிறது, வந்தால். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அனுப்புவதற்கு முன்னால், திங்கட்கிழமை, இரண்டையும் பின் அறைக்குக் கொண்டுபோய் அக்காவின் மேசையில் வைக்கப்போகிறேன். படிப்பாரா, தள்ளி வைப்பாரா, தெரியாது. படித்தால் கண் முதலில் வலது ஓரத்துக்குத்தான் போகும். அதனால் நாளை நூலகத்துக்குப் போய் அந்தச் சிறப்பிதழை எடுத்து, வருஷம், தொகுதி, பக்கம் மூன்றையும், கீழ்ப்பாதி என்பதையும் இன்னொரு தரம் சரிபார்த்துக்கொண்டு வரவேண்டும்.